சங்கிலி நடந்த கோடுகள்: நெப்ராஸ்கா எல்லைப்புற அளவைப் படத்தை இன்றைய நிலத்தின் மேல் பொருத்துதல்

எடுத்துக்கொண்ட இடம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், கேஜ் கவுண்டி. ஆறாம் தலைமை நெடுங்கோட்டுக்குக் கிழக்கே 5ஆம் ரேஞ்ச் (கிழக்கு-மேற்காக எண்ணும் 6 மைல் பட்டை), அடிக்கோட்டுக்கு வடக்கே 4ஆம் டவுன்ஷிப் (வடக்கு-தெற்காக எண்ணும் 6 மைல் பட்டை; இரண்டும் சந்திக்கும் சதுரத்துக்கும் அதே பெயர்). 6 மைலுக்கு 6 மைல் உள்ள இந்தச் சதுரத்தின் மூல அளவைப் படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் உட்கார வைக்க வேண்டும். பிறகு அதன் 26ஆம் செக்ஷனில் (1 மைல் சதுரக் கட்டம்) டேனியல் ஃப்ரீமன் எடுத்த 160 ஏக்கரை வரைய வேண்டும். குடியேறி வாழ்பவருக்கு அரசு நிலம் தரும் ஹோம்ஸ்டெட் சட்டம் 1862 மே 20ல் கையெழுத்தாகி 1863 ஜனவரி 1ல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே பிரவுன்வில் நில அலுவலகத்தில் பதிந்தவர் ஃப்ரீமன். பட்டா 1869 செப்டம்பர் 1 தேதியில் கிடைத்தது. பியாட்ரிஸ் நகருக்கு மேற்கே உள்ள அந்த நிலம் இப்போது ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா.

புகழுக்காக இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஃப்ரீமனின் நிலம் சதுரம் அல்ல, தலைகீழாக நிற்கும் ஆங்கில ‘டி’ எழுத்து. சதுர நிலத்தை வடக்கு தெற்கு மாற்றி வரைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ‘டி’யைத் தப்பாக வரைந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். முதன்முதலாகப் பழகுகிறவர்களுக்கு இப்படி ஒரு சோதனை நிலம் அவசியம்.

அடுக்கு எப்படி அமைந்தது

அடிக்கோடு 40° வடக்கு அகலக்கோடு, அதாவது கன்சாஸ்-நெப்ராஸ்கா எல்லை. தலைமை நெடுங்கோடு ஏறக்குறைய 97° 22′ மேற்கு. இரண்டும் வெட்டும் புள்ளியிலிருந்து 6 மைலுக்கு ஒரு கட்டமாக இந்தப் பகுதி முழுக்கப் பிரித்தார்கள். ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 36 செக்ஷன்கள், ஒரு செக்ஷன் 1 மைலுக்கு 1 மைல், 640 ஏக்கர். எண் வடகிழக்கு மூலையில் 1ல் தொடங்கி மேற்கே 6 வரை போகும். அடுத்த வரிசையில் 7 மேற்கிலிருந்து கிழக்கே திரும்பும், ஏர் உழும் மாடு திரும்புகிற மாதிரி. 26 தெற்கிலிருந்து இரண்டாவது வரிசையில், கிழக்கிலிருந்து இரண்டாவது கட்டம். 1785 சட்டப்படி ஒஹையோவில் முதலில் அளந்த பகுதிகளில் எண் வரிசை வேறு, தென்கிழக்கிலிருந்து வடக்கே ஏறும். அந்தப் பக்கம் படம் எடுத்தால் இந்தப் பழக்கத்தை மறந்துவிட வேண்டும்.

அளவு முழுக்க குண்டர் சங்கிலி: 66 அடி, 100 லிங்க். 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். தமிழ்நாட்டில் பழைய புலப்படம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் ஓரங்களில் எழுதியிருப்பது லிங்க் கணக்குதான். நாம் சொல்லும் ஒரு சென்ட் 1,000 சதுர லிங்க். அதே சங்கிலி, வேறு புல்வெளி. நெப்ராஸ்காவை அளந்த காலத்து விதிப்படி களத்தில் இழுத்தது பெரும்பாலும் 33 அடி, 50 லிங்க் உள்ள அரைச் சங்கிலி. குறிப்பேட்டில் எழுதியது மட்டும் முழுச் சங்கிலிக் கணக்கு.

கணினியைத் திறக்கும் முன் ஒரு கணக்கு

எந்த மென்பொருளையும் நம்பும் முன் காகிதத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவது நல்லது. 4ஆம் டவுன்ஷிப்பின் தெற்கு எல்லை அடிக்கோட்டிலிருந்து 18 மைல் வடக்கே. 26ஆம் செக்ஷனின் நடு அதற்கு மேலே ஒன்றரை மைல், ஆக 19.5 மைல். இந்தப் பகுதியில் ஒரு பாகை அகலக்கோடு சுமார் 69 மைல். 19.5ஐ 69ஆல் வகுத்தால் 0.28, எனவே 40.28° வடக்கு. கிழக்கே 4 ரேஞ்ச் தாண்டி 24 மைல், அதன் மேல் 4.5 மைல், மொத்தம் 28.5. அடிக்கோட்டில் ஒரு பாகை நெடுங்கோடு சுமார் 53 மைல். வகுத்தால் 0.54. 97.37லிருந்து கழித்தால் 96.83° மேற்கு. இணைய வரைபடத்தில் இந்த எண்களைப் போட்டால் பியாட்ரிஸுக்கு மேற்கே பூங்காவின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். ஊர் மாறி நின்றால் ரேஞ்ச் கிழக்கா மேற்கா என்பதில் பிசகு. 5 கிழக்கும் 5 மேற்கும் இரண்டுமே இருக்கும் டவுன்ஷிப்கள், இணையதளத்தில் ஒரு சொடுக்குத்தான் வித்தியாசம்.

என்னென்ன வேண்டும்

மூல அளவைப் படமும் களக்குறிப்பும் பட்டா விவரமும் அமெரிக்க நில மேலாண்மைப் பணியகத்தின் பொது நிலப் பதிவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. களக்குறிப்பு சில மாநிலங்களுக்கு மாநில அளவை அலுவலகத்தில்தான் இருக்கும். ஒரே டவுன்ஷிப்புக்கு மூன்று நான்கு படம் இருந்தால் திகைக்க வேண்டாம். ஒரே அளவைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதி எடுத்தார்கள்: தலைமை அளவையர் அலுவலகத்துக்கு ஒன்று, வாஷிங்டனுக்கு ஒன்று, உள்ளூர் நில அலுவலகத்துக்கு ஒன்று. பின்னாளில் மறு அளவை நடந்திருந்தால் அதுவும் பட்டியலில் வரும். படத்தின் அடியில் உள்ள ஒப்புதல் தேதியைப் பார்த்து மிகப் பழையதை எடுக்கவும். உள்ளூர் அலுவலகப் பிரதியில் யாராவது பின்னால் பெயரும் கோடும் எழுதியிருப்பார்கள். அது குடியேற்றத்துக்கு நல்ல சான்று, பொருத்துவதற்குத் தொந்தரவு.

இதோடு இன்றைய செக்ஷன் மூலைகளின் எண்வடிவத் தொகுப்பு வேண்டும். அதே பணியகம் வெளியிடுவதுதான். அதில் டவுன்ஷிப், செக்ஷன், அதற்குள் 40 ஏக்கர் துண்டு என்று அடுக்கடுக்காக எல்லைகள் இருக்கும். மென்பொருள் க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள். 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி போதும்.

படத்தின் அளவுவிகிதம் அங்குலத்துக்கு 40 சங்கிலி. 40 × 66 × 12 போட்டால் 1:31,680. டவுன்ஷிப் முழுவதும் 12 அங்குலம். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஸ்கேன் என்றால் ஒரு பக்கத்துக்கு 3,600 பிக்சல் இருக்க வேண்டும், ஒரு பிக்சல் நிலத்தில் 2.7 மீட்டர். இறக்கிய படத்தில் டவுன்ஷிப் எல்லைக் கோட்டுக்குள் 1,000 பிக்சல்தான் இருக்கிறது என்றால் முன்னோட்டப் பிரதியை இறக்கிவிட்டீர்கள், திரும்பிப் போய் முழுப் படத்தை எடுங்கள்.

இன்னொரு எண்ணையும் குறித்து வையுங்கள். பேனாக் கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்று வைத்தால் இந்த விகிதத்தில் அது நிலத்தில் 16 மீட்டர். இதற்குக் கீழே துல்லியம் காட்டும் எந்தப் பொருத்தமும் வெறும் அலங்காரம்.

படத்தைத் தயார் செய்தல்

முதல் வேலை நான்கு பக்கத்தையும் பிக்சலில் அளந்து எழுதுவது. காகிதம் இரண்டு திசையிலும் ஒரே மாதிரி சுருங்காது. துணி ஒட்டிய தாளில் இது இன்னும் மோசம். ஒரு திசையில் 1 சதவீதம் சுருங்கியிருந்தால் 6 மைலுக்கு 96 மீட்டர் போய்விடும். இந்த ஒரு அளவுதான் பின்னால் எந்த உருமாற்றத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதை முடிவு செய்யும்.

வண்ண அட்டவணை வைத்த கோப்பாகவோ வெறும் கறுப்பு-வெள்ளை ஒரு பிட் கோப்பாகவோ இருந்தால் முதலிலேயே சாதாரண மூவண்ணக் கோப்பாக மாற்றிவிடவும். மாற்றாமல் பொருத்தினால், மென்பொருள் பக்கத்துப் பக்கத்து நிறங்களைச் சராசரி எடுக்காது, அட்டவணை எண்களைச் சராசரி எடுக்கும். 3ஆம் எண் கறுப்பு, 9ஆம் எண் காகித நிறம் என்றால் நடுவில் வருவது 6ஆம் எண், அது பச்சையாகக்கூட இருக்கலாம். கோட்டைச் சுற்றி வண்ணப் பொட்டுகள் தெரிந்தால் காரணம் இதுதான்.

ஓரத்தில் உள்ள எழுத்தை, ஏக்கர் அட்டவணையை, கையொப்பத்தை வெட்டி எறிய வேண்டாம். பொருத்திய பிறகு மறைத்துக்கொள்ளலாம். எந்த அளவையர், எந்த ஒப்பந்தம், எந்தத் தேதி என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

எந்த ஆயத்தொலை முறை

யுடிஎம் (மீட்டரில் இடம் சொல்லும் மண்டல முறை) மண்டலம் 14 வடக்கு, நாட் 83 ஆதாரம் (ஆயத்தொலைகளுக்கு அடிப்படையான பூமி மாதிரி), மென்பொருளில் இதைத் தேர்ந்தெடுக்கும் இபிஎஸ்ஜி எண் 26914. இந்த இடம் மண்டலத்தின் நடுக்கோட்டிலிருந்து (99° மேற்கு) ஏறக்குறைய 185 கிலோமீட்டர் கிழக்கே இருப்பதால் நீள விகிதம் கிட்டத்தட்ட சரியாக 1. அளப்பதற்கு இதைவிட வசதியான இடம் அமையாது.

ஆனால் ஒன்று கண்ணை உறுத்தும். செக்ஷன் கோடுகள் எல்லாம் சுமார் 1.4° இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். நெடுங்கோடுகள் வடக்கே போகப் போக நடுக்கோட்டை நோக்கிக் குவிவதால் வரும் சாய்வு இது, பிழை அல்ல. அடி முதல் நுனி வரை 6 மைலில் கிட்டத்தட்ட 236 மீட்டர் விலகல். அழகுக்காக நிமிர்த்தினால் எல்லாம் கெடும்.

இதே போல் இன்னொரு ஆசையும் வரும். களக்குறிப்பில் காந்த விலக்கம் எழுதியிருக்கும், அதைப் பார்த்துப் படத்தை அத்தனை பாகை திருப்பத் தோன்றும். திருப்பக் கூடாது. எழுதிய திசை உண்மை வடக்கை வைத்துத்தான். வில்லியம் பர்ட் 1836ல் காப்புரிமை பெற்ற சூரியத் திசைகாட்டி இந்த வேலைக்காகவே வந்தது. விலக்கத்தை எழுதியது பின்னால் காந்த ஊசியோடு வருகிறவருக்கு உதவட்டும் என்று.

இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் முறையில் அப்படியே வேலை செய்வது இன்னொரு பொறி. இந்த அகலக்கோட்டில் அதில் ஒரு மைல் 31 சதவீதம் நீண்டு தெரியும். அதே முறையில் தட்டையாகப் பரப்பளவு எடுத்தால் ஃப்ரீமனின் 160 ஏக்கர் 275 ஏக்கராகிவிடும். அமெரிக்க நிலவியல் அளவை நிறுவனத்தின் பழைய நிலப்படத் தாள்களை ஒப்பிடப் பயன்படுத்தினால் அவை நாட் 27 என்ற பழைய ஆதாரத்தில் இருக்கும். யுடிஎம் எண்ணை மட்டும் எடுத்து ஆதாரத்தைக் கவனிக்காமல் விட்டால் வடக்கு-தெற்காகச் சுமார் 200 மீட்டர் தள்ளிப் போகும். எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அளவை அடிக்கும் சர்வதேச அடிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், மைலுக்கு 3 மில்லிமீட்டர்.

புள்ளி வைத்தல்: ஆற்றைத் தொடாதே

க்யூஜிஐஎஸ்ஸின் ஜியோரெஃபரன்சரில் (படத்தை நிலத்தோடு பொருத்தும் கருவி) படத்தைத் திறந்ததும் கை தானாக ஆற்று வளைவைத் தேடிப் போகும். ‘மாறாத நில அடையாளம்’ என்று அதைத் தேடத் தோன்றும். இந்த வகைப் படத்தில் அது நேர் எதிர். காரணம், அளவையர் எங்கே நடந்தார் என்பதில் இருக்கிறது.

அவர் நடந்தது செக்ஷன் கோடுகளில் மட்டும். டவுன்ஷிப்பின் தெற்கு எல்லையில் 35, 36 செக்ஷன்களுக்கு இடையிலுள்ள மூலையில் தொடங்கி வடக்கே ஒரு மைல். அங்கிருந்து கிழக்கே 25க்கும் 36க்கும் இடையே ஒரு தற்காலிகக் கோடு. கிழக்கு எல்லையில் எவ்வளவு விலகி முட்டினோம் என்று பார்த்துக் கணக்குப் போட்டுத் திருத்திய கோட்டில் மேற்கே திரும்புவார். பிறகு 25க்கும் 26க்கும் இடையே வடக்கே. இப்படியே ஏணி ஏறுவது போல வடக்கு எல்லை வரை. 40 சங்கிலியில் கால் மூலை (செக்ஷன் பக்கத்தின் நடுப்புள்ளி), 80ல் செக்ஷன் மூலை. வழியில் ஓடை குறுக்கிட்டால் எத்தனையாவது சங்கிலியில், எத்தனை லிங்க் அகலம், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எழுதுவார். கோட்டை விட்டு உள்ளே போவதில்லை. ஆக ஒரு மைல் சதுரத்தின் நான்கு விளிம்பிலும் ஓடை எங்கே வெட்டுகிறது என்பது அளந்தது. விளிம்புக்கு உள்ளே அது வளைந்து வளைந்து போவது படம் வரைந்தவரின் கை. படகு போகும் பெரிய ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் கரையோரமாகத் தனியாக அளந்தார்கள். இந்த டவுன்ஷிப்பில் ஓடும் கப் கிரீக் போன்ற ஓடைகளுக்கு அது கிடையாது.

எனவே புள்ளிகள் செக்ஷன் மூலைகளில்தான். ஒரு டவுன்ஷிப்பில் 7 × 7, மொத்தம் 49 மூலை. 16 பொருத்துவதற்கு, 9 சோதிப்பதற்கு என்று முன்கூட்டியே பிரித்து எழுதிவிடவும். பொருத்தும் 16ல் நான்கு வெளி மூலைகளும் கட்டாயம், மீதி பரவலாக. சோதனைப் புள்ளிகளை ஜியோரெஃபரன்சரில் ஏற்றவே கூடாது. ஏற்றி, பிழை பெரியதாக இருக்கிறதே என்று ஒன்றிரண்டை நீக்கத் தொடங்கினால் அது சோதனை அல்ல.

இலக்கு ஆயத்தொலையைத் தட்டச்சு செய்வதைவிட, செக்ஷன் எல்லை அடுக்கின் முனையில் ஒட்டும் வசதியைப் போட்டு அங்கிருந்து எடுப்பது பாதுகாப்பு. 16 புள்ளியில் ஒன்றையாவது ஒரு கட்டம் தள்ளிச் சொடுக்குவது வழக்கம். எச்சப் பிழை (பொருத்திய பிறகும் புள்ளி விலகி நிற்கும் தூரம்) 1,600 மீட்டரை ஒட்டி இருந்தால் அதுதான். புள்ளிக் கோப்பைக் கையால் திருத்துகிறவர்கள் ஒன்று கவனிக்கவும்: படத்தின் மேலிருந்து கீழே போகும் பிக்சல் எண் அதில் கழித்தல் குறியோடு இருக்கும். விரிதாளில் தயாரித்து ஒட்டும்போது குறி விட்டுப்போனால் எல்லாப் புள்ளியும் படத்துக்கு மேலே வெற்றிடத்தில் போய் நிற்கும்.

உருமாற்றம்

புள்ளிகளை வைத்துப் படத்தை நிலத்தோடு பொருத்தும் கணித முறைகளில் முதல் நிலைப் பல்லுறுப்பு போதும். குறைந்தது 3 புள்ளி கேட்கும். இரண்டு திசைச் சுருக்கத்தையும் தனித்தனியாகச் சரி செய்யும். ஹெல்மர்ட் என்ற இன்னொரு முறை 2 புள்ளியில் வேலை செய்யும், ஆனால் ஒரே விகிதத்தில்தான் பெரிதாக்கும். மேலே எழுதி வைத்த பக்க அளவுகள் இரண்டு திசையிலும் சமமாக இருந்தால் மட்டும் அது.

மெல்லிய தகடு முறையைப் பற்றி ஒரு வார்த்தை. அது எல்லாப் புள்ளி வழியாகவும் படத்தை இழுத்துக்கொண்டு போகும், எனவே எச்சப் பிழை எப்போதும் பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்து மகிழ்ந்து வெளியிட்டவர்கள் பலர். தப்பாகச் சொடுக்கிய புள்ளியையும் அது மரியாதையாக ஏற்றுக்கொண்டு அந்த மூலையில் படத்தை முறுக்கிவிடும். தாள் கிழிந்து ஒட்டிய தையல் குறுக்கே ஓடுகிறது என்றால் மட்டும், முதலில் பல்லுறுப்பில் பிழைகளைப் பிடித்த பிறகு, இதற்கு வரலாம். இரண்டாம் மூன்றாம் நிலைப் பல்லுறுப்புகள் முறையே 6, 10 புள்ளி கேட்கும். புள்ளி வைத்த பகுதிக்கு வெளியே காட்டுத்தனமாக வளையும் என்பதால் இந்த வேலைக்கு வேண்டாம்.

மறுமாதிரிக்கு (புதிய பிக்சல்களின் நிறத்தைக் கணக்கிட) கனமுறை, பிக்சல் அளவு 2.5 மீட்டர். பூஜ்யத்தை ஒளிபுகும்படி ஆக்கவா என்று கேட்கும் கட்டத்தை டிக் செய்யாமல் விடவும். செய்தால் படத்தைச் சுற்றியுள்ள கறுப்பு முக்கோணங்கள் மறையும், கூடவே முழுக் கறுப்பான மை எழுத்துகளிலும் ஓட்டை விழும். அதற்குப் பதில் அடுக்கின் கலப்பு முறையைப் பெருக்கல் என்று மாற்றினால் காகிதத்தின் வெளிர் நிறம் மங்கி, மைக்கோடு மட்டும் செயற்கைக்கோள் படத்தின் மேல் நிற்கும். முக்கோணங்களைத் தனி வெட்டு எல்லை போட்டு நீக்கலாம்.

எவ்வளவு பிழை ஏற்கலாம்? சோதனைப் புள்ளிகளில் 16 மீட்டர் பக்கம் வந்தால் பேனாக் கோட்டின் தடிமனை எட்டிவிட்டோம், அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம். 30, 40 மீட்டர் என்றால் காரணம் பல இடத்தில் இருக்கலாம். அவற்றில் ஒன்று உண்மையானது: நிலத்தில் உள்ள டவுன்ஷிப் சதுரமே அல்ல. நெடுங்கோடுகள் குவிவதால் 40ஆம் அகலக்கோட்டில் 6 மைல் டவுன்ஷிப்பின் வட விளிம்பு தென் விளிம்பைவிடச் சுமார் 40 அடி குறைவு. கூடவே சங்கிலித் தேய்மானம், சரிவு, புல்வெளி வெயில். இந்த உபரி குறைவெல்லாம் வடக்கு வரிசையிலும் மேற்கு வரிசையிலும் தள்ளப்படும் என்பது விதி. அதனால்தான் 1 முதல் 6 வரையும், 7, 18, 19, 30, 31லும் 40 ஏக்கர் இல்லாத துண்டுகள், தனி எண் போட்டு 37.85, 41.20 என்ற மாதிரி ஏக்கர் எழுதி இருக்கும். படம் வரைந்தவர் பல நேரம் இவற்றையும் ஒழுங்குச் சதுரமாகவே போட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதியிருப்பார். அங்கே கோட்டை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். 26 உள்கட்டம் என்பதால் இந்தத் தலைவலி நமக்கு இல்லை.

நெப்ராஸ்காவில் 24 மைலுக்கு ஒரு திருத்தக் கோடு போட்டு நெடுங்கோடுகளை மறுபடி அகல விரித்தார்கள். நம் டவுன்ஷிப்பின் வட எல்லைதான் முதல் திருத்தக் கோடு. தலைமை நெடுங்கோட்டிலிருந்து 30 மைல் கிழக்கே உள்ள ரேஞ்ச் கோடு அங்கே கணக்குப்படி சுமார் 800 அடி தாவும். நேராக வரும் கிராமச் சாலை திடீரென்று இரண்டு முறை மடங்கித் தொடர்வதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்கலாம். மேலே உள்ள 5ஆம் டவுன்ஷிப்பின் படத்தையும் சேர்த்து ஒரே தாளாக ஒட்டப் பார்த்தால் மூலைகள் பொருந்தாது. பொருந்தவும் கூடாது. தனித்தனியாகப் பொருத்தவும்.

களக்குறிப்பை வைத்துச் சோதித்தல்

இன்றைய செக்ஷன் மூலைகளை இலக்காக வைத்துப் பொருத்திவிட்டு, செக்ஷன் கோடுகள் பார் எப்படிப் பொருந்துகிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை. பொருந்தும்படிதானே செய்தோம். சோதனை வெளியிலிருந்து வர வேண்டும்.

ஓடை வெட்டும் இடங்கள் அதற்கு உதவும். ஓர் உதாரணத்துக்கு, 25க்கும் 26க்கும் இடையிலான கோட்டில் தெற்கு மூலையிலிருந்து 31.50 சங்கிலியில் ஓடை என்று எழுதியிருப்பதாக வைப்போம். 31 சங்கிலி 50 லிங்க். சங்கிலிக்கு 20.1168 மீட்டர் என்றால் 633.7 மீட்டர். இங்கே நிறுத்தக் கூடாது. அதே கோடு குறிப்பில் 80.00 சங்கிலி, இன்றைய தொகுப்பில் 1,615 மீட்டர் என்று இருந்தால் அந்த அளவையரின் சங்கிலி அந்த மைலில் 20.19 மீட்டர். விகிதப்படி 635.9. இங்கே வித்தியாசம் 2 மீட்டர்தான், ஆனால் மைலுக்கு 20, 30 மீட்டர் பிசகும் கோடுகளில் இந்த விகிதம் போடாவிட்டால் ஓடை தப்பான வயலுக்குப் போகும். சங்கிலி நீண்டு போயிருந்தால் குறிப்பில் தூரம் குறைவாகத் தெரியும் என்பதை மனதில் வைக்கவும், பலர் தலைகீழாகத் திருத்துகிறார்கள்.

க்யூஜிஐஎஸ்ஸில் கோட்டின் மேல் குறிப்பிட்ட தூரத்தில் புள்ளி வைக்கும் கருவி இருக்கிறது. செக்ஷன் கோட்டைத் தெற்கிலிருந்து வடக்காக வரைந்திருக்க வேண்டும். திசை மாறினால் 31.50 என்பது 48.50 ஆகிவிடும். கிழக்கு-மேற்குக் கோடுகளில் கூடுதல் எச்சரிக்கை: தற்காலிகக் கோட்டில் கிழக்கே போகும்போது எழுதிய தூரமும், திருத்திய கோட்டில் மேற்கே வரும்போது எழுதிய தூரமும் அடுத்தடுத்து இருக்கும். எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று பார்த்து எடுக்கவும்.

இப்படிக் கிடைத்த புள்ளிகளை இன்றைய ஓடையோடு ஒப்பிட்டால், மொத்தமாகப் பக்கத்தில் விழுந்தால் பொருத்தம் சரி. ஒன்றிரண்டு விலகினால் ஓடை இடம் மாறியிருக்கலாம், நூற்றைம்பது வருடத்தில் ஓடை நகரும், அல்லது விவசாயிகள் நேராக வெட்டியிருப்பார்கள். எல்லாக் கோடும் சொல்லி வைத்தாற்போல் 80.00, ஓடையும் இல்லை, சரிவும் இல்லை என்றால் அளவையர் நடந்தாரா என்பதே சந்தேகம். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய களக்குறிப்புகளும் அமெரிக்க மேற்கில் உண்டு.

பழைய பாதைகளும் இதே கதைதான். ஓரிகன் தடம் போன்ற வண்டிப்பாதைகள் நெப்ராஸ்காப் படங்களில் வரைந்திருக்கும். கோட்டை வெட்டும் இடம் அளந்தது, இடையில் உள்ளது ஊகம். எண்வடிவமாக்கும்போது வெட்டும் இடங்களைப் புள்ளி அடுக்காகவும் இடைக்கோட்டைத் தனி அடுக்காகவும் வைத்தால் பின்னால் வருகிறவர் எது எது என்று தெரிந்துகொள்வார்.

ஃப்ரீமனின் ‘டி’

ஆவணத்தில் உள்ள விவரம்: வடமேற்குக் காலின் தெற்குப் பாதி, வடமேற்குக் காலின் வடகிழக்குக் கால், வடகிழக்குக் காலின் தென்மேற்குக் கால், எல்லாம் 26ஆம் செக்ஷன். ஆங்கில ஆவணத்தில் சின்னது முன்னும் பெரியது பின்னுமாக இருக்கும், பின்னாலிருந்து படிக்க வேண்டும் என்று பயிற்சி தருவார்கள். தமிழில் சொன்னால் வரிசை தானாகச் சரியாகிவிடுகிறது. கால் பங்கின் கால் நம் கணக்கில் வீசம். 640 ஏக்கரில் ஒரு வீசம் 40 ஏக்கர். ஃப்ரீமனுக்கு நான்கு வீசம்.

செக்ஷனைப் பிரிக்க, எதிரெதிர் கால் மூலைகளை நேர்கோட்டில் இணைக்க வேண்டும். இரண்டும் வெட்டுவதுதான் செக்ஷனின் நடு. மூலைகளுக்குச் சராசரி எடுத்து நடு கண்டுபிடிப்பது சட்டப்படி தவறு, சில மீட்டர் விலகும். நடு கிடைத்ததும் ஒவ்வொரு காலின் பக்கங்களையும் பாதியாக்கி மறுபடி இணைத்தால் 16 துண்டு. கையால் வரைகிறவர்களுக்கு, செக்ஷனின் தென்மேற்கு மூலையிலிருந்து சங்கிலிக் கணக்கில்: கிழக்கே 0 முதல் 60 வரை, வடக்கே 40 முதல் 60 வரை ஒரு பட்டை. அதன் மேல் கிழக்கே 20 முதல் 40 வரை, வடக்கே 60 முதல் 80 வரை ஒரு சதுரம். பட்டை 120 ஏக்கர், சதுரம் 40. சுற்றளவு 200 சங்கிலி, இரண்டரை மைல். ஒரே சதுரமாக எடுத்திருந்தால் 160 சங்கிலியோடு வேலி முடிந்திருக்கும்.

அளவைப் படத்தைக் கீழே வைத்துப் பார்த்தால் இந்த நிலத்தினூடே கப் கிரீக் போகிறது. சட்டம் கேட்டது துண்டுகள் ஒட்டியிருக்க வேண்டும் என்பது மட்டும், சதுரமாக இருக்க வேண்டும் என்பதல்ல. மரம் குறைந்த புல்வெளியில் ஓடைக்கரைதான் விறகும் தண்ணீரும். இதே டவுன்ஷிப்பில் வரும் மற்ற கோணல்மாணலான உரிமைகளையும் ஓடையோடு சேர்த்துப் பாருங்கள்.

டவுன்ஷிப் முழுவதற்கும் பட்டா போடுதல்

பதிவுத் தளத்தில் மாநிலம், நெடுங்கோடு, டவுன்ஷிப், ரேஞ்ச் கொடுத்தால் பட்டாக்கள் பட்டியலாக வரும். விரிதாளில் ஒரு துண்டுக்கு ஒரு வரி. ஃப்ரீமனுக்கு ஒரு வரி அல்ல, நான்கு வரி. ஒரு பட்டாவை ஒரே வரியில் போட்டால் எல்லை அடுக்கோடு இணைக்க முடியாது. நெடுவரிசைகள்: செக்ஷன், துண்டு, பெயர், பட்டாத் தேதி, எந்தச் சட்டம், ஏக்கர், ஆவண எண். ‘எந்தச் சட்டம்’ என்பதை விடவே கூடாது. 1862க்கு முந்திய நிலம் ஏக்கருக்கு 1.25 டாலர் ரொக்கத்திலோ, போர்வீரர்களுக்குக் கொடுத்த நில ஆணைச் சீட்டிலோ போயிருக்கும். சீட்டு கைமாறும் பொருள். சீட்டு பெற்ற வீரர் ஒருவர், பட்டா வாங்கியவர் இன்னொருவர், இருவர் பெயரும் ஒரே ஆவணத்தில் இருக்கும். வீரரைக் குடியேறியவராகக் கணக்கில் எடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

பட்டாத் தேதியை வைத்து வண்ணம் தீட்டி ‘குடியேற்றம் பரவிய விதம்’ என்று தலைப்புப் போடுவதும் அப்படித்தான். ஹோம்ஸ்டெட் பட்டாவுக்கு ஐந்து வருடம் குடியிருக்க வேண்டும், அதன் பிறகும் காகிதம் வரத் தாமதமாகும். ஃப்ரீமனுக்கே 1863க்கும் 1869க்கும் இடையில் ஆறு வருடம் எட்டு மாதம். ரொக்கத்தில் வாங்கியவருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. இரண்டையும் ஒரே அளவுகோலில் போட்டால் பணக்காரர் முன்னால் வந்த மாதிரி தெரியும். மனு செய்த தேதி கிடைத்தால் அதைப் போடவும், இல்லையென்றால் இரண்டு சட்டத்துக்கும் இரண்டு படம்.

16, 36 செக்ஷன்கள் காலியாகத் தெரிந்தால் தரவு விட்டுப்போகவில்லை. நெப்ராஸ்காவில் அவை பள்ளிக்கு ஒதுக்கியவை, மாநிலத்துக்குப் போனவை. ரயில்வே மானியப் பகுதியில் ஒற்றைப்படைச் செக்ஷன்கள் சதுரங்கப் பலகை போலக் காலியாக இருக்கும். இதே கவுண்டியில் தெற்கே நகர்ந்தால் இன்னொரு காலி வரும். 1854 ஒப்பந்தத்தில் ஓட்டோ-மிசோரியா மக்கள் தங்கள் நிலத்தை விட்டுக்கொடுத்து, பிக் புளூ ஆற்றோரம் 10 மைல் அகலப் பட்டை ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டார்கள். அது கன்சாஸ் எல்லையைத் தாண்டியும் நீண்டது. அங்கே ஹோம்ஸ்டெட் பட்டா இல்லாததைப் பார்த்து ஆளில்லா நிலம் என்று வண்ணம் அடித்தால் படம் பொய் சொல்லும். ஒதுக்கீட்டு எல்லையைத் தனி அடுக்காகப் போட்டு, பெயரை எழுதி விடவும்.

மனு போட்டுவிட்டு வறட்சியிலும் வெட்டுக்கிளியிலும் விட்டுப் போனவர்கள் பட்டாப் பட்டியலில் வரவே மாட்டார்கள். அவர்கள் இருப்பது நிலப் பகுதிப் பதிவேடுகளில் (ஒவ்வொரு துண்டுக்கும் வந்த மனுக்களை எழுதிய ஏடுகள்). ரத்து என்று அடித்த வரிகளாக, ஒரே 40 ஏக்கருக்கு சில நேரம் மூன்று நான்கு பெயர். அதற்காக விரிதாளில் ‘ரத்தான மனு’ என்று ஒரு நெடுவரிசையை இப்போதே சேர்த்து வைக்கவும். பதிவேடு டவுன்ஷிப், ரேஞ்ச், செக்ஷன் வரிசையில்தான் இருக்கிறது, ஒரு செக்ஷனுக்கு ஒரு தடவை புரட்டினால் போதும்.